சத்தமில்லாத தண்ணீர்க் கணினி சத்தம் போடத் தொடங்கினால்

என் மனைவி உயர்தர மாணவர்களுக்கு இரவில் சூமில் பாடம் எடுப்பவர். அதே அறையில், அவர் கதிரைக்கு நாலடி தள்ளி, நான் கலியாண வீடியோ வெட்டுவேன். வீடியோ வெட்டும் கணினி சும்மா இருக்காது. முழுமூச்சாக ஓடும்போது அதன் விசிறிகள் நெல் தூற்றுவது போல இரையும். "டீச்சர், அங்க மழையோ?" என்று ஒரு பிள்ளை கேட்டது. கிளிநொச்சியில் ஆடி மாதம், மழையாம்! அந்தக் கிழமையே தண்ணீரால் குளிர்விக்கும் கணினி கட்டுவது என்று முடிவெடுத்தேன். அதில் ஒரு பம்ப், தாங்கி என்னும் சின்னத் தொட்டியிலிருந்து தண்ணீரைப் புரொசசரின் மேல் இருக்கும் பிளொக்குக்குள் தள்ளும். தண்ணீர் அங்கே சூட்டை வாங்கி, றேடியேற்றரில் விசிறிக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும். இந்தச் சுற்றுக்குத்தான் லூப் என்று பெயர்.

கட்டி நாலு வருடம். அதற்குப் பிறகு மாங்குளம், புதுக்குடியிருப்பு, வவுனியா என்று சொந்தக்காரர், சிநேகிதர் வீடுகளில் ஏழெட்டுத் தண்ணீர்க் கணினிகளைப் பார்த்தாயிற்று. தொலைபேசியில் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கழட்டிப் பார்க்கட்டே?" நான் சொல்வதும் ஒன்றுதான்: பொறு. வன்னியில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் றபர் வளையம், ஒரு ஓ-ரிங், வேண்டுமென்றாலும் கொழும்பு பம்பலப்பிட்டிக்குச் சொல்லிவிட்டு பஸ் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து யாராவது ஊருக்கு வரும்வரை. குழாயைக் கழற்றுவது அரை மணித்தியால வேலை; திரும்பப் பூட்டுவதற்கு இரண்டு கிழமை ஆகலாம். அதனால் தண்ணீரை வெளியே எடுக்காமல் எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு கழித்தல் கணக்கு

எந்தக் கோளாறாக இருந்தாலும் மூன்று சூட்டை ஒரு தாளில் எழுதுங்கள்: அறைச் சூடு, தண்ணீர்ச் சூடு, புரொசசர் சூடு. அறைக்குச் சாதாரண வெப்பமானி போதும், ஆனால் கணினி காற்றை உள்ளே இழுக்கும் பக்கத்தில் அதை வையுங்கள். தண்ணீருக்கு, அடைப்பான் வடிவில் வரும் 10 கிலோ ஓம் உணரி இருக்கிறது. கால் அங்குலப் புரியில் மற்றப் பிற்றிங்கை (குழாயைப் பூட்டும் மூட்டு) போலவே பூட்டிவிட்டு அதன் இரண்டு வயரை மதர்போர்டில் கொடுக்கலாம். கட்டும்போதே இதைப் போட்டுவிடுங்கள். ஒளிரும் கலர் விளக்குக்குக் கொடுக்கும் காசில் பத்தில் ஒரு பங்கு வராது, உதவியோ பத்து மடங்கு.

இலண்டனில் ஒருவர் போடும் காணொளியில் புரொசசர் 65 பாகை. அவர் அறை 20 பாகை. எங்கள் அறை சித்திரையில் பகல் இரண்டு மணிக்கு 34. அதே கணினி அதே வேலையை இங்கே செய்தால் 79 காட்டும். அது கோளாறு இல்லை, வன்னி. சாதாரணத் தண்ணீர் லூப் எதுவும் தண்ணீரை அறையை விடக் குளிராக்காது. எனவே தனி எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் கழித்துப் பாருங்கள்.

தண்ணீரிலிருந்து அறையைக் கழித்தால் வருவது றேடியேற்றரின் கதை. முழு வேலையில் அது 10 பாகைக்குள் நின்றால் சந்தோஷம். 15 தாண்டினால் தூசு, விசிறி, காற்றோட்டம் மூன்றில் ஒன்று. புரொசசரிலிருந்து தண்ணீரைக் கழித்தால் வருவது பிளொக்கின் கதை: புரொசசருக்கும் பிளொக்குக்கும் நடுவில் பூசும் பசை, ஸ்குரூ, நீரோட்டம். என் கணினியில் அது 35 பாகை. உங்களுடையதில் வேறாக இருக்கலாம். கட்டிய முதல் நாள் இருந்ததை எழுதி வைத்திருந்தால், இன்று எது விரிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். நான் பெட்டியின் உட்பக்கக் கதவில் பேனையால் எழுதி வைத்திருக்கிறேன்.

கொளகொளவென்று சத்தம்

எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதுதான். வயல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கிணற்றுப் பம்பில் காற்று நின்றால் இயந்திரம் இரையும், தண்ணீர் வராது. மேல் வாயால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றித்தான் இழுக்க வைப்போம். கணினிக்குள் இருப்பது அதே பம்ப், சின்ன உருவத்தில்.

புதிதாக நிரப்பிய லூப்பில் காற்று றேடியேற்றரின் இரண்டு முனைகளிலும் ஒளிந்திருக்கும். தாங்கியின் மூடியை இறுக்கிவிட்டு, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியை முன்னுக்கு, பின்னுக்கு, இரண்டு பக்கமும் மெதுவாகச் சரியுங்கள். பம்பை அரை நிமிடம் உச்ச வேகத்தில் விட்டு, பிறகு ஒரு நிமிடம் அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வேகமான ஓட்டம் குமிழியைப் பிடுங்கும். மெதுவான ஓட்டத்தில் அது தாங்கிக்கு மேலே வந்து உடையும். உச்சத்திலேயே விட்டுவைத்தால் குமிழிகள் பொடியாகி, தண்ணீர் மோர் போல வெளுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். தாங்கி வெறுமையாகி பம்ப் வறட்சியாக ஓட ஒரு கணமும் விடக்கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர்தான் அதன் அச்சுக்கு எண்ணெய்.

இத்தனைக்குப் பிறகும் சின்னக் குமிழிகள் போக நாலு நாள், சிலவேளை ஒரு கிழமை எடுக்கும். பொறுமைதான் மருந்து.

கிழமைகள் கழிந்தும் நிற்கவில்லையா? தாங்கியை டோர்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் சுழி விழுந்து காற்றைக் கீழே இழுக்கிறது என்றால் மட்டம் குறைவு அல்லது வேகம் கூட. துருசு திறந்த குளத்தில் மதகடியில் சுழிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் பிடிபடும். நிரப்புங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

கடையில் மூடி முத்திரையிட்டு வரும் ஆயத்த வகை என்றால் வேறு விசயம். புதுக்குடியிருப்பில் மச்சான் தன் பெட்டியின் அடியில் றேடியேற்றரைப் பூட்டியிருந்தார். அந்த வகையில் பம்ப் புரொசசரின் மேல், அதாவது லூப்பின் உச்சியில். காற்று எப்போதும் உச்சிக்குத்தானே போகும்? பம்புக்குள்ளேயே குடியிருந்தது. றேடியேற்றரைப் பெட்டியின் கூரைக்கு மாற்றினோம், பத்து நிமிடத்தில் சத்தம் நின்றது. ஒரு துளி தண்ணீரும் வெளியே எடுக்கவில்லை. றேடியேற்றரின் ஒரு பகுதியாவது பம்பை விட உயரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஆயத்த வகைகளில் குழாய்ச் சுவர் வழியாக வருடக்கணக்கில் ஈரம் மெல்ல வெளியேறும். நாலைந்து வருடமான ஒன்று இடம் மாற்றியும் கொளகொளக்கிறது என்றால் உள்ளே தண்ணீர் குறைந்துவிட்டது. பெரும்பாலானவற்றை நிரப்பவும் முடியாது. புதிதுக்குக் காசு சேருங்கள்.

ஒரே சுருதியில் ரீங்காரம்

முதலில் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நீண்ட ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் காதோடு வைத்து, நுனியைப் பம்ப், றேடியேற்றர், ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளையின் வெளித்தகடு என்று ஒவ்வொன்றாகத் தொடுங்கள். மோட்டார் சைக்கிள் திருத்துபவர்கள் எஞ்சின் சத்தத்தைப் பார்ப்பது போலத்தான். விசிறி இலையில் மட்டும் பட்டுவிடாமல் பாருங்கள்.

பம்ப்தான் என்று தெரிந்தால், அதைப் பூட்டிய ஆணிகளைத் தளர்த்தி, கையால் ஒரு சென்றிமீற்றர் தூக்கிப் பிடியுங்கள். சத்தம் அடங்கினால் பம்பில் பிழையில்லை. பெட்டியின் தகடுதான் மத்தளம். கீழே மெத்தென்ற ஏதாவது வேண்டும். அதற்கென்றே விற்கும் சதுரங்கள் உண்டு. நான் வைத்திருப்பது தேய்ந்த றபர் செருப்பின் குதிப் பகுதியில் வெட்டிய இரண்டு துண்டுகள். ஆணியை இறுக்கி றபரை நசுக்கிவிட்டால் பயனில்லை, ஆடுகிற அளவுக்கு விடுங்கள்.

அப்புறம் வேகம். டி5 வகைப் பம்ப் உச்சத்தில் நிமிடத்துக்கு 4800 சுற்று ஓடும். அது தேவையே இல்லை. ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 4180 யூல் வேண்டும். கணினி 300 வாற்று கொட்டுகிறது, தண்ணீர் நிமிடத்துக்கு 4 லீற்றர் ஓடுகிறது என்றால் ஒரு சுற்றில் தண்ணீர் ஏறுவது 1 பாகை. ஓட்டத்தைப் பாதியாக்கி 2 லீற்றர் ஆக்கினால் 2 பாகை. அந்த ஒரு பாகைக்காக இரவெல்லாம் ரீங்காரம் கேட்க வேண்டுமா? நான் பம்பைப் பாதி வேகத்துக்கும் கீழே வைத்திருக்கிறேன். எந்தப் பாகத்துக்குப் பிறகு எந்தப் பாகம் என்ற குழாய் வரிசையைப் பற்றிச் சண்டை பிடிப்பவர்களுக்கும் இதே கணக்குதான் பதில்: லூப் முழுவதும் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரே சூடு. தாங்கி பம்புக்கு முன்னால் இருந்தால் போதும்.

சில பெட்டிகள் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிரும். நூறு இருநூறு சுற்று மேலேயோ கீழேயோ நகர்த்தினால் ஓய்ந்துவிடும்.

ரீங்காரம் இல்லாமல் கரகர என்று அரைக்கும் சத்தம் என்றால் உடனே நிறுத்துங்கள். உள்ளே மண் துணிக்கை போயிருக்கிறது, அல்லது அச்சு தேய்ந்துவிட்டது. கழற்றுவதைத் தவிர வழியில்லாத இடங்களில் இது ஒன்று.

விசிறி ஏறி இறங்கி மூச்சு வாங்குகிறது

புது வலைப்பக்கம் ஒன்றைத் திறந்ததும் ஊய்ய் என்று ஏறி, மூன்று நொடியில் இறங்கும். ஒரே சீரான சத்தத்தைக் காது மறந்துவிடும். இந்த ஏற்ற இறக்கத்தை மறக்காது.

காரணம் பயோஸ், அதாவது கணினி எழும்பும்போது மதர்போர்டில் முதலில் ஓடும் நிரலின் அமைப்பு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது விசிறி புரொசசர் சூட்டைப் பார்த்து ஓடும். புரொசசர் ஒரு நொடியில் 45-இலிருந்து 70-க்குத் தாவும், திரும்பும். தண்ணீரோ எருமை மாதிரி, மெதுவாகத்தான் அசையும். றேடியேற்றர் விசிறிக்குத் தெரிய வேண்டியது தண்ணீரின் சூடு மட்டுமே. பயோஸில் விசிறிக்கான உணரியைத் தண்ணீர் உணரிக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத போர்டில், வேகம் கூடவும் குறையவும் எடுக்கும் தாமதத்தை ஆகக் கூடிய அளவுக்கு வையுங்கள்.

காணொளிகளில் சொல்லும் வேக வளைவை அப்படியே போடாதீர்கள். 30 பாகையில் தொடங்கி 40-இல் முழு வேகம் என்பார்கள். எங்கள் ஊரில் சும்மா இருக்கும் தண்ணீரே மத்தியானம் 37. நாள் முழுக்கப் புயல் அடிக்கும். என்னுடையது 40 வரை 500 சுற்று, 45-இல் 750, 50-இல் 1200. நாலு வருடத்தில் 50-ஐத் தொட்டது இரண்டு மூன்று முறைதான். பல பம்புகளுக்குத் தயாரிப்பாளர் போடும் எல்லை 60 பாகை; அதன் பக்கத்திலேயே போகாமல் இருப்பது நல்லது.

விசிறி வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் 15 டெசிபல் அளவுக்கு இறங்கும். பத்து டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதியாகிவிடும். மறுபக்கம், ஒரே விசிறியை இரண்டாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டும். பெரிய றேடியேற்றர், நிறைய விசிறி, சோம்பேறி வேகம் என்று நான் நிற்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு. 360 மில்லிமீற்றர் றேடியேற்றர் இரண்டு போட்டபோது "ஒரு கணினிக்கு இவ்வளவோ?" என்று அப்பா கேட்டார். இங்கே காற்றே சூடு, அப்பா. இலண்டன்காரருக்கு ஒன்று போதும்.

மத்தியானத்தில் மட்டும் கொதிக்கிறது

இரவு பத்து மணிக்கு ஒரு தடவை, பகல் இரண்டு மணிக்கு ஒரு தடவை, ஒரே வேலையைக் கொடுத்து முதல் கழித்தலைச் செய்யுங்கள். இரண்டு தடவையும் வித்தியாசம் ஒன்றென்றால் கணினி சுகமாக இருக்கிறது, அறைதான் சூடு. தண்ணீர்க் குளிர்விப்பு சூட்டை மறையச் செய்வதில்லை. புரொசசரிலிருந்து எடுத்து அறைக்குள் கொட்டுகிறது. 400 வாற்று வேலை செய்யும் கணினி, அறைக்குள் எரியும் 400 வாற்று அடுப்புத்தான். மேற்குச் சுவரோரம் மேசை இருந்தால் மாற்றுங்கள். சூடான காற்று வெளியேறும் பக்கத்தை யன்னலுக்குத் திருப்புங்கள். பின்பக்கத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழம் விடுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

வித்தியாசமே விரிந்திருந்தால் தூசு. ஆனியில் சோளகக் காற்று தொடங்கினால் ஏ9 வீதிக்கு உள்ளே இருக்கும் செம்மண் ஒழுங்கைகள் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும். பெரும்போக அறுவடை நேரம் மெஷின் கிளப்பும் வைக்கோல் தூசு வேறு. இது விசிறிக்கும் றேடியேற்றருக்கும் நடுவில் கம்பளி போலப் படியும். வெளியே பார்த்தால் பளபளப்பு. ஒரு பக்கம் டோர்ச் பிடித்து மறுபக்கம் கண்ணை வையுங்கள். வெளிச்சம் வரவில்லையென்றால் காற்றும் வராது.

மெல்லிய தூரிகையும் கையில் பிடிக்கும் ஊதியும் போதும். விசிறி இலையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சுழலவிட்டால் கெடும். ரயர்க் கடைக் கொம்பிரசரிடம் கொண்டுபோகும் வழக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது. அதன் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் துளியாக வரும், அழுத்தம் றேடியேற்றரின் மெல்லிய தகடுகளைச் சாய்த்துவிடும். வேண்டாம். காற்று உள்ளே போகும் பக்கத்தில் பழைய நுளம்பு வலையை ஒரு மடிப்பு மட்டும் கட்டி, சோளகக் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை கழுவுகிறேன். இரண்டு மடிப்பு போட்டால் காற்று அடைபடும்.

ஒருமுறை புத்திசாலித்தனமாக, சுவரில் துளை போட்டு ஒரு றேடியேற்றரை விறாந்தையில் வைத்தேன். சூடு வெளியே, சத்தமும் வெளியே. இரண்டு மாதத்தில் விசிறிக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. துளையைப் பூசி மூடியாயிற்று. உழவு இயந்திர றேடியேற்றரைப் பூட்டலாமா என்று கேட்கும் தம்பிமாருக்கு: அலுமினிய றேடியேற்றரையும் செப்புப் பிளொக்கையும் ஒரே தண்ணீரில் சேர்த்தால் அலுமினியம் அரித்துப் போகும். பழைய செப்பு றேடியேற்றர் என்றால் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் உள்ளே இருக்கும் துருவையும் எண்ணெயையும் எத்தனை நாள் கழுவுவீர்கள்?

நொடியில் 95-க்குத் தாவுகிறது

இங்கே பார்க்க வேண்டியது எவ்வளவு சூடு என்பதல்ல, எவ்வளவு நேரத்தில் என்பது. அரை மணித்தியாலமாக மெல்ல ஏறினால் மேலே சொன்ன தூசுக் கதை. வேலை கொடுத்த ஐந்தாறு நொடிக்குள் உச்சத்தில் போய் முட்டினால், சூடு தண்ணீருக்குள் இறங்கவே இல்லை.

முதலில் பம்ப் ஓடுகிறதா? பயோஸில் சுற்று எண் தெரியும். வயர் கொடுக்கவில்லையென்றால் பம்பில் விரலை வையுங்கள், மெல்லிய அதிர்வு இருக்கும். ஓடவில்லையென்றால் கணினியை நிறுத்திவிட்டு அதன் பவர் வயரைக் கழற்றிப் பூட்டுங்கள்.

பம்ப் ஓடுகிறது, தண்ணீர் 40-இல் சொகுசாக இருக்கிறது, புரொசசர் மட்டும் கொதிக்கிறது என்றால் பிளொக் சரியாக அமரவில்லை. நாலு ஸ்குரூவையும் குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றும் அரைச் சுற்று என்று இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் பிளொக் சரிந்து நிற்கும். புதிதாகக் கட்டிய கணினியில் இன்னொன்று உண்டு. வவுனியாவில் மருமகன் மூன்று நாள் மண்டையை உடைத்தான். பசை மாற்றினான், பயோஸ் மாற்றினான். போய்ப் பார்த்தால் பிளொக்கின் அடியில் பாதுகாப்புக்கு ஒட்டி வரும் பிளாஸ்ரிக் தாள் அப்படியே இருந்தது. சிரிக்கவில்லை, நானும் முதல்தடவை அதைச் செய்தவன்தான். குழாய் மென்மையானதாகவும் கொஞ்சம் நீளமாகவும் இருந்தால், தண்ணீர் எடுக்காமலே பிளொக்கைத் தூக்கித் தாளை உரிக்கலாம். கடினக் குழாய் அழகுதான், ஆனால் கொழும்பிலிருந்து தூரத்தில் இருப்பவனுக்கு மென்குழாய்தான் சிநேகிதன்.

பிளொக்கில் தண்ணீர் உள்ளே போகும் வாயும் வெளியே வரும் வாயும் வேறு. மாற்றிப் பூட்டினால் சில பாகை கூடும், பம்பில் மாற்றிப் பூட்டினால் ஓட்டமே கெடும். றேடியேற்றரில் எப்படிப் பூட்டினாலும் ஒன்றுதான்.

ரைசன் 7000 வரிசைப் புரொசசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முழு வேலையில் 95 பாகை வரை போவது அதன் வடிவமைப்பு. வேகம் குறையாமல் ஓடினால் கோளாறு தேடாதீர்கள். பயோஸில் மின் எல்லையைச் சற்றுக் குறைத்தால் சூடு நன்றாக இறங்கும், வேலையில் இழப்பு அவ்வளவாகத் தெரியாது.

தண்ணீர் நிறம் மாறுகிறது, வெள்ளைப் பொடி தெரிகிறது

எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பிளொக்குக்குள் இருக்கும் கால்வாய்கள் அரை மில்லிமீற்றரை விட ஒடுக்கம். அதற்குள் அந்தக் கிணற்றுத் தண்ணீரை விட்டால் என்ன ஆகும்? போத்தலில் நிரப்பி வரும் ஆர்.ஓ. தண்ணீர் குடிக்க நல்லது. ஆனால் அதிலும் உப்புகள் மிச்சம் இருக்கும். கூரையில் பிடித்த மழைநீரில் தூசும் பாசியும். வேண்டியது பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர், பெற்றோல் ஷெட்டில் கிடைப்பது. வாங்கும்போது லேபிளை இரண்டு தடவை வாசியுங்கள். பற்றரிக் கடைகளில் அசிட்டும் அதே மாதிரிக் கலனில் வரும்.

வெறும் தண்ணீர் போதாது. பாசியும் கிருமியும் வளராமலும் உலோகம் அரிக்காமலும் இருக்க, லூப்புக்கென்று விற்கும் செறிவு மருந்தைச் சேர்க்க வேண்டும். வாகனக் கூலன்ற் சேர்ப்பவர்களும் உண்டு. அதில் இருக்கும் எதிலீன் கிளைக்கோல் இனிப்பான நஞ்சு; சின்னப் பிள்ளைகளும் நாயும் இருக்கும் வீட்டில் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். நிறச் சாயம் போடாமல் விட்டால் தண்ணீரே உங்களுக்குச் செய்தி சொல்லும். பால்போல் கலங்கி, குழாயின் உட்சுவர் மங்கினால் மலிவான பிளாஸ்ரிக் குழாயிலிருந்து மென்மையாக்கும் எண்ணெய் கசிகிறது. அடுத்த தடவை ஈ.பி.டி.எம். றபர் குழாய் போடுங்கள். கறுப்பு, அழகில்லை, ஆனால் இந்தத் தொல்லையும் இல்லை. பச்சை வழுவழுப்பு என்றால் பாசி, வெயில் படும் இடத்தில் தாங்கி இருக்கிறது. நீலப்பச்சையாகத் தெளிவாக மாறினால் செம்பு கரைகிறது.

இந்த எல்லாவற்றுக்கும் தண்ணீரை மாற்றத்தான் வேண்டும், கழற்றாமல் முடியாது. ஆனால் பதறத் தேவையில்லை. இரண்டு கழித்தல்களும் விரியாதவரை, சாமான் வந்து சேரும் மட்டும் ஓடட்டும். முதல் இரண்டு அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் பாவிக்கலாம், கடைசி அலசல் பற்றரித் தண்ணீரில். தாங்கி அக்ரிலிக் என்றால் அதை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். நுண்ணிய வெடிப்பு விழும்.

தாங்கியில் மட்டம் இறங்குகிறது

முதல் மாதம் இறங்குவது ஒளிந்திருந்த காற்று வெளியேறியதால். அதன் பிறகு மாதக்கணக்கில் ஓரிரு மில்லிமீற்றர் என்றால் குழாய்ச் சுவர் வழியாகப் போவது, ஊற்றிவிட்டு மறந்துவிடுங்கள். ஒரு கிழமையிலேயே தெரிகிற அளவுக்கு இறங்கினால் கசிவு.

கணினியை நிறுத்தி, சுவர் பிளக்கைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிற்றிங்கின் கீழும் ரிசுத் தாளைச் சுற்றுங்கள். பிறகு பவர் சப்ளையின் 24 பின் வயரை மதர்போர்டிலிருந்து எடுத்து, மற்ற எல்லா வயரையும் விலக்கி, பம்புக்கு மட்டும் மின் கொடுங்கள். 24 பின்னில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிட்டு சுவர் மின்னைப் போட்டால் பவர் சப்ளை எழும்பும். ஒரு நாள் ஓடட்டும். எந்தத் தாள் நனைந்ததோ அதன் மேலே தேடுங்கள். தண்ணீர் வழிந்து வரும். அநேகமாகப் பிற்றிங்கைக் கையால் கால் சுற்று இறுக்கினாலே நின்றுவிடும். குறடு போடாதீர்கள், அக்ரிலிக் புரி வெடிக்கும்.

கார்த்திகை, மார்கழியில் சுவரே வியர்க்கும் நாட்களில் குழாயும் வியர்க்குமா என்று கேட்கிறார்கள். வியர்க்காது. பனித்துளி, அறையை விடக் குளிரான பொருளில்தான் பிடிக்கும். ஓடுகிற லூப்பில் தண்ணீர் எப்போதும் அறையை விடச் சூடு. குழாயில் ஈரம் கண்டால் அது கசிவு, அல்லது கூரை ஒழுக்கு.

கரண்ட் போய் வந்த பிறகு விசிறி முழுச் சத்தம்

இது எனக்கே நடந்து, இரண்டு நாள் லூப்பைச் சந்தேகப்பட்டேன். ஐப்பசி இடி முழக்கத்துக்குப் பயந்து பின்னேரமே பிளக்கைக் கழற்றிவிடுவோம், நல்ல பழக்கம்தான். ஆனால் பிளக் கழன்றிருக்கும் நேரமெல்லாம் பயோஸ் அமைப்பைக் காப்பது மதர்போர்டில் இருக்கும் காசு வடிவப் பற்றரி. அது செத்தால், காலையில் கணினி தன் விசிறி வளைவை மறந்து தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். கடிகாரத்தில் பழைய திகதி காட்டினால் சந்தேகமே வேண்டாம். சி.ஆர். 2032 என்று மணிக்கூட்டுக் கடையில் கேளுங்கள். விசிறி அமைப்பை முன்பே கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

இன்னும் சில சத்தங்கள்

விளையாட்டு ஓடும்போது மட்டும் கீச்சென்று கேட்பது கிராபிக்ஸ் கார்டின் மின்சுருள். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நொடிக்கு எத்தனை படம் என்பதற்கு எல்லை வையுங்கள், பெரும்பாலும் அடங்கும்.

மாலை ஆறரைக்கு டக், டக் என்று ஆரம்பித்து ஒன்பது மணிக்கு நின்றால் அது யூ.பி.எஸ். ஊரெல்லாம் லைற் போடும் நேரம், வயர்க் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு மின் அழுத்தம் இறங்க, அது பற்றரிக்கு மாறி மாறித் திரும்புகிறது. கணினியின் பவர் சப்ளை அந்த இறக்கத்தைத் தானே தாங்கும், யூ.பி.எஸ்ஸின் உணர்திறனைக் குறைக்கும் வசதி இருந்தால் குறையுங்கள்.

கடைசியில் எஞ்சியது

பம்பும் விசிறியும் அடங்கிய பிறகுதான் அதுவரை கேட்காத ஒன்று கேட்கத் தொடங்கும். எனக்கு அது ஹார்ட் டிஸ்க், நாலு வருடக் கலியாணங்கள் எல்லாம் இருப்பது. மேசை வழியாக ஊமென்று வந்தது. பெட்டிக்குள் இரண்டு கம்பிக்கு நடுவில் பழைய சைக்கிள் ரியூப்பைக் கீற்றாக வெட்டிக் கட்டி, டிஸ்கை அதில் கிடைமட்டமாகத் தொங்கவிட்டேன். ஏணையில் கிடக்கும் பிள்ளை மாதிரி இருக்கிறது. அன்றிரவு மனைவி பாடம் முடித்துவிட்டு, "இண்டைக்கு நீங்கள் வேலை செய்யேல்லையே?" என்று கேட்டார். அப்போது ஒரு கலியாண வீடியோ 62 விழுக்காடு ஓடி முடிந்திருந்தது.